சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக விழுந்த நாள்

வியாசர்பாடி,
9.11.1997

அன்பு மச்சான் குணசீலனுக்கு,

மாசிலாமணி எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. தெய்வானை நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் முழங்கால் போய்விட்டது. பதினெட்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்ததற்குக் கிடைத்த சன்மானம். ஆறு மாதம் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் டிப்போவில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு மணி நேரம் வேலை, மாலையில் ஒரு மணி நேரம். நடுவில் ஓய்வறை. ஓய்வறையின் நடுவில் ஒரு கேரம் போர்டு.

பதினோரு வருஷமாக நான் கேரம் போர்டு இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நம் ஏரியாவில் தெருவுக்கு மூன்று போர்டு. எவ்வளவு சுற்றி நடந்திருப்பேன் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை மெக்கானிக் அந்தோணிசாமி ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு மிச்சம் ஒரே ஒரு வெள்ளைக் காய், அப்புறம் சிவப்பு. ஒரே அடியில் இரண்டும் விழுந்தன. "ஆட்டம் முடிஞ்சுதுபா" என்று எழுந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாமா? "இன்னா முடிஞ்சுது? சிவப்பு வுழுந்தா அடுத்த அடியில சொந்தக் காயப் போட்டுக் கவர் பண்ணணும். ரெண்டும் ஒண்ணா வுழுந்தா செல்லாது. எடுத்து நடுவுல வை" என்றேன்.

ஓய்வறையே சிரித்தது. "யோவ் கண்டக்டரே, கூடவே வெள்ளையும் வுழுந்துச்சுன்னா அதான்யா கவர்! பொண்ணும் மாப்ளயும் ஒரே வண்டில வந்து இறங்கிட்டாங்க, நீ இன்னா இன்னும் மாப்ள எங்கன்னு தேடிக்கினு கீற?" என்றார் அந்தோணிசாமி. பெட்டியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மூன்று முறை படித்தேன். அந்தோணிசாமி சொன்னதுதான் சரி.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். என் வாயால் ஒரு முறை சொல்லியாக வேண்டும். 1987 ஜனவரி 26, நம் வெண்புறா மன்றத்துக் கேரம் போட்டியின் இறுதி ஆட்டம். நீயும் காஜா மொய்தீனும். நடுவர் வரவில்லை. "எங்க மாமா உட்காரட்டும்" என்று நீதான் சொன்னாய். உன் அக்காவைக் கட்டி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசி போர்டில் உனக்கு ஒரு வெள்ளையும் சிவப்பும் பாக்கி. ஒரே அடி அடித்தாய். சிவப்பு இடது மூலையில் விழுந்தது, வெள்ளை வலது மூலையில் விழுந்தது. நான் செல்லாது என்றேன். இரண்டையும் எடுத்து நடுவில் வைத்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. காஜா சிவப்பை எடுத்தான், மிச்சமிருந்த இரண்டு கறுப்பையும் எடுத்தான். கோப்பையும் அவனுக்கு, மாநில ஆட்டத்துக்குப் போகும் வாய்ப்பும் அவனுக்கு, அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் துறைமுக வேலையும் அவனுக்கு. நீ பதினைந்தாம் நாள் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினாய். அதிலிருந்து அக்காவுக்குப் பொங்கல் வாழ்த்து மட்டும் வருகிறது, ஆள் வரவில்லை.

நீ ஜெயித்த ஆட்டம் அது, மச்சான். விதி தெரியாத ஒரு மடையன் உன்னைத் தோற்கடித்தான். மன்னித்துவிடு.

மாசிலாமணி

பி.கு: நாற்பத்து நாலு வயதில் நானும் கேரம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். நேற்று ஸ்டிரைக்கர் போர்டைத் தாண்டி எகிறி ஒரு டீ கிளாஸை உடைத்தது.


விசாகப்பட்டினம்,
19.11.1997

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்றைக்கு உங்களுக்கு விதி தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே அவ்வளவுதானா? வேறு காரணம் எதுவும் இல்லையா? அந்த இடத்தை நாலு முறை படித்துவிட்டேன்.

என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள். நீங்கள் பெரியவர். முடிந்துபோன கதை. நானும் போர்டைத் தொட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

ஸ்டிரைக்கர் எகிறுகிறது என்றால் நகத்தை அதன் தலையில் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். விரல் நுனி பலகையைத் தொட்டபடி இருக்கட்டும். நகம் ஸ்டிரைக்கரின் இடுப்பில் பட வேண்டும்.

குணசீலன்


வியாசர்பாடி,
28.11.1997

அன்பு மச்சான்,

வேறு காரணம் இல்லையா என்று கேட்டாய். சுருக்கென்று தைத்தது. இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

செல்லாது என்று சொல்லும்போது எனக்கே அது சரிதானா என்று சந்தேகம். பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உனக்குச் சாதகமாகச் சொன்னால் 'மச்சானுக்கு மாமன் நடுவர், கேட்கவா வேணும்' என்று தெருவே பேசும் என்று பயந்தேன். நேர்மையானவன் என்று பெயர் வாங்க உன் முதுகில் ஏறி நின்றேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நீயே ஒப்புக்கொண்டாய் என்று என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாம் இருந்ததோ ஒரே வீடு. அங்கும் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். போதுமா?

சரி, அழுகை போதும். நீ சொன்னபடி விரலைப் பலகையில் வைத்து அடித்தேன். ஸ்டிரைக்கர் அடங்கி ஓடியது! ஒரு வரியில் எழுதி அனுப்பினாய், இருபது நாள் அந்தோணிசாமி கத்தியும் நடக்காதது நடந்துவிட்டது.

இங்கே அடைமழை. போர்டு நமத்துப்போய்க் காய் சோம்பேறியாக நகர்கிறது. மேலே நூறு வாட் பல்பைத் தாழ இறக்கிக் காய வைத்து ஆடுகிறோம். நேற்று ஒரு கறுப்புக் காய் குழிக்கு நேராக இல்லை, ஓரமாக ஒதுங்கி இருந்தது. அதன் விளிம்பில் ஸ்டிரைக்கரை லேசாக உரசவிட்டேன். ஸ்டிரைக்கர் ஒரு பக்கம் போனது, காய் வேறு பக்கம் திரும்பி நடந்துபோய்க் குழியில் விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேராகத் தள்ளினால் நேராகப் போகும் என்பதுதான் இத்தனை நாள் எனக்குத் தெரிந்த உலகம். தொடுகிற இடத்தை நூலளவு மாற்றினால் போகிற ஊரே மாறிவிடுகிறதே! "இதுக்குப் போயி இப்டி உட்காந்துட்டியே, இது சும்மா கட் ஷாட்டுய்யா" என்று அந்தோணிசாமி சிரிக்கிறார். சிரிக்கட்டும். இதையெல்லாம் நீ பன்னிரண்டு வயதில் கண்டுவிட்டாய். உன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்றும் காணாமல் எழுந்து வந்தவன் நான்.

மாசிலாமணி


விசாகப்பட்டினம்,
8.12.1997

மாமா,

நீங்கள் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று தலை குனிந்ததும் நீங்கள் நினைத்த காரணத்தால் அல்ல. அதை விடுங்கள்.

கட் அடிக்க வந்துவிட்டது என்றால் இனிப் பார்வையைச் சரி செய்ய வேண்டும். புதிதாக ஆடுகிற எல்லாரும் ஸ்டிரைக்கரையே பார்ப்பார்கள். அது உங்கள் விரலடியில்தான் இருக்கிறது, எங்கும் ஓடிவிடாது. முதலில் குழியைப் பாருங்கள். அங்கிருந்து பின்னால் வந்து காயின் விளிம்பில் எந்த இடத்தில் தொட வேண்டும் என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அடியுங்கள். பலம் கடைசிக் கவலை.

இன்னொன்று. ஸ்டூலில் ஒட்டி உட்காருங்கள். கைக்கு எட்டாத அடி என்றால் விட்டுவிடுங்கள். எந்த அடிக்காகவும் எழும்பக் கூடாது.

கப்பலுக்கு அடியில் படுத்து வெல்டிங் வைக்கும்போது சில சமயம் அந்த நாள் வரும். விரலிலிருந்து ஸ்டிரைக்கர் போனது தெரிகிறது. காய்கள் எங்கெங்கே இருந்தன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

குணசீலன்


வியாசர்பாடி,
20.12.1997

அன்பு மச்சான்,

எனக்கா ஞாபகம் இல்லை? என் பெண்டாட்டி பிறந்தநாள் மறந்துபோகும், அது மறக்காது. இத்துடன் ஒரு தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். சிவப்பு நடு வட்டத்தின் மேல்கோட்டைத் தொட்டபடி. வெள்ளை அதற்கு மூன்று விரல் வலது பக்கம், கொஞ்சம் கீழே. காஜாவின் கறுப்பு இரண்டும் குறுக்கே காவல்காரன் மாதிரி. உன் ஸ்டிரைக்கர் உன் பக்கத்துக் கோட்டின் வலது கோடியில், அங்கே இருக்கிற சின்ன வட்டத்தை மூடிக்கொண்டு.

இதே மாதிரி டிப்போ போர்டில் அடுக்கினோம். அந்தோணிசாமி அடித்தார். டிரைவர்கள் அடித்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து ஆளாளுக்கு நாற்பது ஐம்பது அடி. சிவப்பு போனால் வெள்ளை போகவில்லை, வெள்ளை போனால் சிவப்பு அசையவில்லை. இரண்டாம் நாள் அந்தோணிசாமி விரலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, "கண்டக்டரே, சத்தியமா சொல்லு, இத ஒருத்தன் அடிச்சானா?" என்றார். "என் மச்சான் அடிச்சான். நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன்" என்றேன். அந்தோணிசாமி அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

எனக்குப் பயமாகக்கூட இருக்கிறது, குணசீலா. மனிதக் கையால் ஆகக்கூடிய காரியமா அது? அடித்தவனைத் தூக்கிக் கொண்டாடாமல் 'எடுத்து நடுவில் வை' என்று சொன்ன வாய் என் வாய்.

அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். வருகிற ஜனவரி 26 மன்றத்தின் ஆண்டு விழா. சுவரில் வருஷ வாரியாக ஜெயித்தவர் பெயர்கள் எழுதியிருக்கிறதே, அதில் 1987-க்கு நேரே காஜா பெயர் இருக்கிறது. மைக்கை வாங்கி நடந்ததைச் சொல்லி, அந்த இடத்தில் உன் பெயரை எழுதச் சொல்லப்போகிறேன்.

மாசிலாமணி


விசாகப்பட்டினம்,
29.12.1997

மாமா,

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காஜாவுக்கு வேலை அந்த வெற்றியால் வந்தது. பெண்டு பிள்ளைகளோடு இருக்கிறவர். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எனக்குச் சுவரில் பெயர் வேண்டாம்.

எனக்காக இதைக் கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

குணசீலன்


வியாசர்பாடி,
6.1.1998

மச்சான்,

காரணம் கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? பதினோரு வருஷம் காரணம் கேட்காமல்தான் இந்தக் கதி. உன் கடிதத்தைத் தெய்வானையிடம் படித்துக் காட்டினேன். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பேரும் ஒரு துண்டு மரப்பலகைக்காக மூஞ்ச திருப்பிக்கினீங்க. எனக்குக் கொழந்த பொறந்தப்ப தாய்மாமன் வரல. காது குத்தறப்ப யார் மடியில உட்கார வைக்கிறதுன்னு ஊரே கேட்டுச்சு. போய் மைக்குல சொல்லு, கூரை மேல ஏறிச் சொல்லு. என் தம்பி வூட்டுக்கு வந்தா போதும்."

அவள் அழுததை நான் இத்தனை வருஷத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். காஜாவின் வேலையை யாரும் பிடுங்கப்போவதில்லை. தப்புச் செய்தவன் நான், திருத்த வேண்டியவனும் நான். நீ வேண்டாம் என்றாலும் சொல்லத்தான் போகிறேன். இருபத்தாறாம் தேதி.

மாசிலாமணி


விசாகப்பட்டினம்,
15.1.1998

மாமா,

இங்கே துறைமுகத்துக்கு இன்று விடுமுறை. அறையில் என்னோடு இருப்பவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். காலையிலிருந்து நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் படம் வந்த மறுநாளே கேன்டீனில் கிடந்த போர்டைத் துடைத்துப் பவுடர் போட்டு அதே மாதிரி அடுக்கினேன். பதினோரு வருஷத்துக்கு அப்புறம். ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று நாளில் இருநூறு அடிக்கு மேல் அடித்திருப்பேன். விழவில்லை. விழாது என்று எனக்குத் தெரியும். நாலாம் நாள் அன்றைக்குச் செய்ததைச் செய்தேன். ஸ்டூலிலிருந்து இரண்டு விரற்கடை எழுந்தேன். பதினேழாவது அடியில் இரண்டும் விழுந்தன.

புரிகிறதா மாமா? உட்கார்ந்தபடி அந்தக் கோணத்துக்கு மணிக்கட்டு வராது. அன்று நான் எழுந்து அடித்தேன். தெரிந்தே எழுந்தேன். எழுந்து அடித்தால் ஃபவுல். விழுந்த காய்கள் திரும்பி வந்துவிடும். எல்லாரும் காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் 'செல்லாது, இரண்டையும் நடுவில் வை' என்றதும் மாட்டிக்கொண்டேன் என்று பயந்தேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். மச்சான் திருட்டு ஆட்டம் ஆடினான் என்று கூட்டத்தில் சொல்ல மனம் வராமல், கவர் விழவில்லை என்று ஒரு பொய்க் காரணம் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் தலை குனிந்தேன். அதற்கப்புறம் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போனீர்கள். என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். எப்படி அந்த வீட்டில் இருப்பேன்?

மாமாவுக்கு மரியாதை கொடுத்து எதிர்த்துப் பேசாமல் போனான் என்று என் சிநேகிதர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெயரையும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டேன். உங்களுக்கு விதியே தெரியாது என்று நவம்பரில் படித்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

நீங்கள் சொன்ன காரணம் தப்பு, தீர்ப்பு சரி. காஜாதான் ஜெயித்தார். மைக்கில் பேசாதீர்கள். அக்காவிடம் என்ன சொல்வீர்களோ, அது உங்கள் இஷ்டம்.

குணசீலன்


வியாசர்பாடி,
27.1.1998

என் அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் இருபத்து நாலாம் தேதி வந்தது. படித்துவிட்டு முற்றத்துக் குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிரிப்புதான் வந்தது. நீ என்னைப் பெரிய தர்மப்பிரபு என்று நினைத்து ஓடியிருக்கிறாய். நான் உன்னைப் பெரிய ஞானி என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அவ்வளவு யோக்கியம் இல்லை என்று தெரிந்ததில் மனசு லேசாகிவிட்டது. தெய்வானையிடம் கடிதத்தை அப்படியே படித்தேன். "இதுக்காடா ஓடுனே" என்று உன் பெயரைச் சொல்லி ஒரு திட்டு திட்டினாள். எழுதக்கூடிய திட்டு இல்லை. நேரில் வாங்கிக்கொள்.

நேற்று விழாவுக்குப் போனேன். மைக்கை வாங்கினேன். பயப்படாதே, என் பங்கை மட்டும் சொன்னேன். "விதி தெரியாம நடுவர் நாற்காலில உட்கார்ந்தேன், தெருவுக்குப் பயந்து தீர்ப்பு சொன்னேன்" என்றேன். பெயரை மாற்றச் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "இத்த சொல்ல பதினோரு வருஷமா? உன் பஸ்ஸே சீக்கிரம் வந்துரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

இறங்கியதும் காஜா மொய்தீன் வந்து என் கையைப் பிடித்தான். தலை நரைத்துவிட்டது. டீக்கடைப் பக்கம் கூட்டிப்போனான். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, அவன் எழுந்தான். உனக்குத் தெரியுமா?"

எனக்கு டீ புரையேறியது. உன் ரகசியத்தை நான் சொல்லவில்லை மச்சான், சத்தியமாகச் சொல்லவில்லை.

"நான் எதிர்ல உட்கார்ந்துகினு இருந்தேன்ல? தோள் மேல வந்துச்சு, பார்த்தேன். ஃபவுல்னு கத்தணும்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள சிவப்பு அந்தப் பக்கமும் வெள்ள இந்தப் பக்கமும் பிரிஞ்சு போச்சு பாரு... தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுபோச்சுண்ணே. ஃபவுலாவது மண்ணாவது. அத்தப் பார்த்தப்புறம் தப்புன்னு சொல்ல எவனுக்கு நாக்கு வரும்? நான் தோத்துட்டேன்னுதான் நெனச்சேன். சந்தோசமாத் தோத்துட்டேன்னு நெனச்சேன். அப்பதான் நீ செல்லாதுன்ன."

அதற்கப்புறம் அவன் மாநில ஆட்டம் ஆடினான், தேசிய ஆட்டம் ஆடினான், எத்தனையோ பெரிய கைகளைப் பார்த்தான். அந்த மாதிரி ஒன்றை எங்கேயும் பார்க்கவில்லையாம். ராத்திரி சமயங்களில் தானே தனியாக அடுக்கி அடித்துப் பார்ப்பானாம். காய்கள் இருந்த இடம் சரியாக ஞாபகம் இல்லாமல் விட்டுவிடுவானாம். நான் சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கினான், மச்சான். துறைமுகத்தில் பத்து பேரை வேலை வாங்குகிற ஆள், கண் கலங்கி நின்றான்.

சுவரில் எழுதியிருப்பதை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அது கெடக்குது வுடு" என்றான். அப்புறம் சொன்னான்:

"அவன ஒரு தடவ வரச் சொல்லுண்ணே. உட்கார்ந்து அடிக்க வேணாம். எழுந்தே அடிக்கட்டும், போர்டு மேல ஏறிக்கூட அடிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவ அத்தப் பார்க்கணும்."

எனக்கும்தான். வா.

மாசிலாமணி